அத்தானின் வலது பக்கம்

அத்தானால் ஓரிடத்தில் உட்கார முடியாது. தொலைக்காட்சித் தொடரில் அவருக்குக் கிடைத்த வேடமோ நாள் முழுக்க சோபாவில் சாய்ந்து கிடக்கிற வீட்டோடு மாப்பிள்ளை. ஒரு வேலைக்கும் போகாதவன். மார்பில் கொட்டை எழுத்தில் 'உழைப்பாளி' என்று அச்சடித்த பனியன்தான் அவன் சீருடை. சிலிண்டர் கொண்டுவந்து கொடுக்கும் ஆளாக ஒரே ஒரு காட்சிக்கு என்று போனவர், கதவருகே நின்று மாமியார் வேடக்காரரிடம் சொந்தமாக ஒரு பதில் பேசிவிட்டார். எழுத்தாளர் சிரித்தார். மறுவாரமே சிலிண்டர்காரன் மாப்பிள்ளையாகிவிட்டான். அதுவரை தையல் மிஷின் உதிரிபாகக் கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவர் அத்தான். இப்போது தெருவில் எல்லோருக்கும் அவர் 'மாப்பிள்ளை'தான். மருந்துக்கடைக்காரர்கூட, "மாப்பிள்ளை, இன்னைக்காவது வேலைக்குப் போனீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரையை எடுப்பார்.

பதினைந்து நாள் விடுப்பில் நான் அக்கா வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் ஊரடங்கு போட்டார்கள். விமானமும் நின்றது, படப்பிடிப்பும் நின்றது. நான் சன்னலோரமும் அத்தான் சமையலறைக்கும் பால்கனிக்கும் நடுவிலுமாக, ஆளுக்கொரு பக்கம் தவித்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் டைரக்டரிடமிருந்து போன் வந்தது. இனி அவரவர் வீட்டிலேயே, அவரவர் போனிலேயே நடித்து அனுப்ப வேண்டும்; எடிட்டர் எல்லாவற்றையும் ஒட்டிவிடுவார்.

"முடியாதவங்க சொல்லிடுங்க. கட்டாயம் இல்ல," என்றார் டைரக்டர்.

அத்தானின் முகம் வெளுத்துவிட்டது. முடியாது என்று சொன்னவர் ஒருவர் ஏற்கெனவே இருந்தார்: தொடரில் வாட்ச்மேனாக வந்தவர். 'வாட்ச்மேன் லீவுல போயிருக்கான்' என்று ஒரே ஒரு வரி எழுதினார்கள். அந்த லீவு இன்னும் முடியவில்லை.

வீட்டில் இருந்த போன்களில் என்னுடையதன் கேமராதான் துல்லியமானது. என் ஆபீஸிலிருந்து என்ன தகவல் வருமோ என்று நிமிஷத்துக்கொரு தரம் பார்த்துக்கொண்டிருந்த போனை அத்தான் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். இஸ்திரிப் பலகையை நிமிர்த்தி, அதன்மேல் குக்கரை வைத்து, குக்கர் மூடியில் போனைச் சாய்த்தார். சுவரில் நீலப் போர்வை. நகரத்தின் மறுகோடியில், மாமியாராக நடிக்கிற அம்மாவின் வீட்டிலும் அதே நீலத்தில் ஒன்று தொங்கியது. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே கூடமாகத் தெரிய வேண்டுமாம். அக்கா பக்கவாட்டில் மேசை விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். குளியலறைக் குழாய் சொட்டாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

டைரக்டர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "படத்துல மாமியாரம்மா இடது பக்கம் பாப்பாங்க. நீங்க வலது பக்கம் பாக்கணும். அப்பதான் ஒட்டும்போது எதிரெதிரே உக்காந்து சண்டை போடுற மாதிரி இருக்கும். புரியுதா?"

"இதுகூடப் புரியாதா சார்?"

காலையிலிருந்து எடுத்தோம். அக்காவின் கை மரத்துப்போனது. "விளக்கா இது, அம்மிக்கல்லா? சீக்கிரம் பேசித் தொலைங்க," என்றாள். எங்கள் தெரு இணையம் ஆமை வேகம். எடுத்ததெல்லாம் போய்ச் சேர மறுநாள் மதியம் ஆகிவிட்டது. அன்று இரவே ஒளிபரப்பு.

பிற்பகலில் எடிட்டர் கூப்பிட்டார். "மாப்பிள்ளை சார், என்ன இது? மாமியாரும் மருமகனும் ஒரே சுவத்தைப் பாத்துப் பேசுறீங்க?"

அத்தான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்: வலது பக்கம்தான் பார்த்தேன், என் கண்ணாலேயே திரையில் பார்த்தேன். அங்கேதான் குட்டு உடைந்தது. தன் முகம் தனக்குத் தெரியாவிட்டால் அவருக்கு வசனம் வராது. அக்கா விளக்கோடு மல்லுக்கட்டிய நேரத்தில் போனைத் திருப்பி, செல்ஃபி கேமராவில் வைத்துவிட்டார். நடிக்கும்போது அது கண்ணாடி மாதிரி காட்டும். பதிவாகும்போது பக்கத்தை மாற்றிவிடும். அவர் பார்த்த வலது அத்தனையும் படத்தில் இடது.

"படத்தை அப்படியே திருப்பிப் போட்டுட முடியாதா தம்பி?"

"போட்டேன் சார். உங்க பனியன்ல 'உழைப்பாளி' கண்ணாடில தெரியுற மாதிரி இடவலமா மாறி வருது."

மறுபடி எடுத்தால் அனுப்பி முடிப்பதற்குள் ஒளிபரப்பு நேரம் தாண்டிவிடும். டைரக்டர் லைனுக்கு வந்தார். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "மாமியாரம்மா யார்கிட்டயோ போன்ல பேசுற மாதிரி மாத்திக்கிறோம் சார். உங்களுக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிடுச்சுன்னு ஒரு வரி போட்டுடலாம். ஒரு மணி நேரத்துல முடிவு பண்ணணும்."

ஒரு வரி. அத்தான் போனை வைத்துவிட்டு, பால்கனிக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் போய்த் திரும்பினார்.

"நடந்தா சரியாயிடுமா? எதுக்கு அதைத் திருப்புனீங்க?" என்றாள் அக்கா.

"விளக்கு பிடிக்கிறவ விளக்கைப் பாக்கணும். கேமராவைப் பத்தி உனக்கென்ன?"

சொன்ன நாக்கை அவரே கடித்துக்கொண்டிருப்பார், ஆனால் காலம் கடந்துவிட்டது. கை மரத்துப்போகத் தூக்கி நின்றவள் அவள். சோபாவின் ஒரு கோடியில் போய் உட்கார்ந்தாள். நடந்து ஓய்ந்த அத்தான் மறுகோடியில் உட்கார்ந்தார். எதிரே நாற்காலியில் நான் மாட்டிக்கொண்டேன்.

"உங்க அத்தானைக் கேளு, டீ வேணுமான்னு."

"உங்க அக்காகிட்ட சொல்லு, நாடு கடத்தப்படுறவனுக்கு டீ எதுக்குன்னு."

"அப்ப பெட்டி கட்டவான்னு கேளு."

"கட்டச் சொல்லு. அந்தப் பனியனையும் மறக்காம வைக்கச் சொல்லு."

ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நான்தான் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று அத்தான் பேச்சை நிறுத்தினார். அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்தே விட்டார்.

"இவளே, நாம ரெண்டு பேரும் இப்ப எங்க பாத்துப் பேசிட்டிருந்தோம்?"

"இவன் மூஞ்சியை."

"ஒரே பக்கம்! ஒரே பக்கம் பாத்துதானே சண்டை போட்டோம்?"

டைரக்டருக்கு அவர் சொன்னது இதுதான்: வசனத்தில் ஒரு எழுத்தும் மாற வேண்டாம். மாமியாரும் மாப்பிள்ளையும் முகம் பார்க்காமல் சண்டை போடுகிறார்கள். நடுவில் மகள் மாட்டிக்கொண்டு முழிக்கிறாள். மகள் இங்கும் அங்கும் திரும்புகிற ஒரு சின்னத் துண்டு மட்டும் போதும், உடனே அனுப்பிவிடலாம். மகளாக நடிக்கிற பெண் சிக்னல் எட்டாத ஏதோ ஊரில் இருந்தாள். ஆனால் முதுகுப்புறம் காட்டினால் யாருடைய தலையாக இருந்தால் என்ன?

 "எடுத்து அனுப்புங்க, பாக்கலாம்," என்றார் டைரக்டர்.

அக்கா மறுத்துவிட்டாள். "நான் பல் டாக்டர்கிட்ட ரிசப்ஷன்ல இருக்கிறவ. க்ளினிக் திறந்ததும் வாயைத் திறக்க வர்றவங்க என் முதுகைப் பாத்துச் சிரிக்கவா?"

"உன் முதுகுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

 நான் பார்த்த நாளாக முதல் தடவை, அத்தான் ஓரிடத்தில் அசையாமல் நின்றார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரே ஒரு தடவைதான்," என்று கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டுக்கொண்டாள்.

இந்தத் தடவை பின்கேமராதானா என்று அத்தான் என்னையும் பார்க்கச் சொன்னார். அக்கா இடது பக்கம் திரும்பினாள், வலது பக்கம் திரும்பினாள். கழுத்தில் கட்டுப் போட்டவள் மாதிரி இருந்தது. அத்தான் போனைப் பிடித்தபடியே, "விளக்கு விஷயத்துல என்மேலயும் தப்பு இல்லன்னு சொல்ல முடியாது," என்று இழுத்தார். அக்காவின் இரண்டு தோளும் மெல்ல இறங்கின. ஒரு கை தானாக நெற்றிக்குப் போனது. முதுகு மட்டுமே பெருமூச்சு விடுவதை அன்றுதான் பார்த்தேன். அத்தான் அதை அப்படியே அனுப்பினார்.

நிகழ்ச்சி ஓடியது. மாப்பிள்ளை வெளியூர் போகவில்லை. மறுநாள் காலையில் டைரக்டரே கூப்பிட்டார்; ஸ்பீக்கரில் போட்டோம்.

"அந்த முதுகு யாருது சார்? எழுத்தாளர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. இனிமே ஒவ்வொரு சண்டைக்கும் அது வேணுமாம்."

"என் வீட்டுக்காரி சார். அப்ப... நான்?"

"நீங்க இல்லாம அவங்க யாரைப் பாத்துத் திரும்புவாங்க? இருங்க சார், இருங்க. அந்த முதுகு இருக்கிற வரைக்கும் கவலையே இல்ல."

போன் வைத்ததும் அக்கா சொன்னாள், "க்ளினிக் திறக்கிற வரைக்கும்தான். அதுக்கப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

அன்றிலிருந்து, எப்போது திறப்பார்கள் என்று ஊரே காத்திருக்க, அத்தான் மட்டும் வேறு மாதிரி ஆகிவிட்டார். செய்தி தொடங்கினால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். விமானம் எப்போது விடுவார்கள் என்று நான் வாயெடுத்தால், "உனக்கென்ன அவசரம்?" என்று பாய்வார். காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் அக்காவிடம் வந்து நிற்பார்.

"உங்க டாக்டர் ஏதாவது போன் பண்ணாரா?"

"இல்ல."

அதைக் கேட்ட பிறகுதான் இஸ்திரிப் பலகையை எடுக்கப் போவார்.