பாத்திரத்தில் வழித்த சாறு

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில், வெயிலுக்குப் பூசும் க்ரீமில் சேர்ப்பதற்காக மாதுளைத் தோலில் சாறு எடுப்போம். காய்ந்த தோலை அரைத்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டி, கெட்டியாகக் காய்ச்சுவோம். பாத்திரத்தின் அடியில் ஒட்டியதை வழித்து முகத்தில் பூசிக்கொள்வது பெண்களாகிய எங்கள் வழக்கம். ஆறு பேரில் ஒருத்திக்கும் முகம் கருத்ததில்லை. காசு கொடுத்து க்ரீம் வாங்குகிறவள் ஏமாளி, அசல் சரக்கு நம் கையில் இருக்கிறது என்று கெக்கலி கொட்டுவோம்.

என் புருஷனுக்கு கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பு யார்டில் வேலை. நாள் முழுக்க மொட்டை வெயில். இடது காது மடலில் ஒரு புண் ஆறாமலே இருந்தது. காயும், பொருக்கு உதிரும், மறுபடி ரத்தம் கசியும். "வெயில் படவே கூடாது. இப்படியே விட்டா கேன்சராக்கூட மாறலாம்" என்றார் டாக்டர். வெயில் படாமல் இருக்க இவர் என்ன கலெக்டரா? வேலையை விடச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அடுப்பு எரிய வேண்டுமே.

டிபன் டப்பாவில் சாற்றை வழித்துக்கொண்டு வந்தேன். தினமும் காலையில் காதிலும் கழுத்திலும் தடவிவிட்டேன். தலையையும் காதையும் சுற்றி அவர் எப்போதும் ஈரத்துண்டு கட்டுவார். அது புண்ணில் ஒட்டி ரணமாக்குகிறது என்று நான்தான் பிடுங்கிப் போட்டேன்.

"யோவ், துண்டு எதுக்கு? அசலையே பூசியிருக்கேன். தைரியமா போய்ட்டு வா."

போனார். சித்திரை முழுக்க அப்படியே போனார். புண் கொட்டைப்பாக்கு அளவுக்குப் பெருத்தது. சாறு பத்தவில்லை என்று இன்னும் கெட்டியாகப் பூசினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கடைசியில் பயம் தாங்காமல் எங்கள் கம்பெனி லேப் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருட்டு தெரிந்தால் வேலை போகும் என்று தெரிந்தேதான் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"இது வெயிலைத் தடுக்காதும்மா. வெயிலால தோல் செல்லுக்கு ஆகுற கெடுதலைக் கொஞ்சம் குறைக்கலாம்னுதான் சேர்க்கிறோம். வெயிலைத் தடுக்கிறது பக்கத்து ரூம்ல கலக்குற வெள்ளைப் பவுடர்."

"எங்க யாருக்கும் மூஞ்சி கருக்கலியே மேடம்?"

"நீங்க காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் ஷெட்டுக்குள்ளதானே இருக்கீங்க?"

ஐயோ என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு நாளும் இது ஏன் உறைக்கவில்லை?

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், காலி ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி வைத்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மே, லேட்டு? நாளைக்கு இத்த ரொப்பிக்கினு வா. எங்க செட்டுல நாலு பேரு துண்ட அவுத்துட்டானுங்க. அண்ணி குடுக்குற மருந்து எங்களுக்கும் வோணும்னு உசுர எடுக்குறானுங்க."

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிறகு ஒன்று விடாமல் சொன்னேன். நிழலில் உட்கார்ந்துகொண்டு வெயிலுக்கு மருந்து கண்டுபிடித்தவள் நான் என்றேன்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போனை எடுத்து நாலு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "டேய், நாளைக்கு ஒழுங்கா துண்டு கட்டிக்கினு வா. அந்த மருந்து வேலைக்கு ஆவாது." நாலாவது ஆளிடமும் பேசி முடித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தார். கை தானாகக் காதுக்குப் போனது.

"அப்போ எனக்கு, மே?" என்று கேட்டார்.