ஆள் வந்தால் மட்டும் வந்த சிக்னல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாங் கிளாஸோடு நின்றவள். மறதியும் உண்டு, முன்னது பின்னால் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது கிளினிக்கில் இருக்கிற நர்ஸ் பிள்ளைகள், "நெட் போச்சு, நெட் போச்சு" என்று தலையில் அடித்துக்கொள்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொல்லலாம், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

பெட்டி வந்தது

சின்னமனூரில் டாக்டரம்மா கிளினிக்கில் நான் ஆயா. கீழே கிளினிக், மாடியில் வீடு. மாடியில் டாக்டரம்மாவின் மாமியார் இருந்தார்கள். நாங்கள் பெரியம்மா என்போம். ரெண்டாயிரத்து ஒன்பது வாக்கில் ஓ.பி. சீட்டையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். மெயின் கம்ப்யூட்டர் மாடி ஹாலில். கீழே டாக்டரம்மா மேசையில் லேப்டாப். ரெண்டுக்கும் நடுவே வயர் கிடையாது. மெயினுக்குப் பக்கத்தில் ரூட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி, ரெண்டு கொம்பு, பச்சை லைட்டு.

மாட்டிக் கொடுத்தது தேனியிலிருந்து வந்த பாண்டி. "கண்ணுக்குத் தெரியாத அலை ஆயாம்மா. ரேடியோ மாதிரி. மாடியில இருந்து தளத்தத் தாண்டிக் கீழ வரும்."

லேப்டாப் மூலையில் ஏணிப்படி மாதிரி கோடு இருக்கும். படி நிறைய இருந்தால் நோயாளி பெயரைத் தட்டியதும் பழைய விவரம் வரும். படி இல்லாவிட்டால் ஒரு வட்டம் சுற்றும். அந்த வட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

போவதும் வருவதும்

முதல் வாரம் நன்றாக இருந்தது. பிறகு சிக்னல் போக ஆரம்பித்தது. மேகமலைப் பக்கம் மேகம் இறங்கியதால் என்றார்கள் டாக்டரம்மா. கரண்ட் ஏற்ற இறக்கம் என்றார் பாண்டி. நர்ஸ் செல்வி எதிர்க்கடை வெல்டிங்கைத் திட்டினாள். போன் போட்டால் பாண்டி ஒரே பாட்டுத்தான் பாடுவார்: "ரூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்."

அதை ஆன் பண்ண யார் போவது? பெரியம்மாவுக்கு ஆஸ்பத்திரி தீட்டு ஆகாது. கிளினிக் துணியோடு யாரும் மாடி நடையைத் தாண்டக் கூடாது. டாக்டரம்மாவே ஓ.பி. முடிந்து, பின்பக்கத்துப் பாத்ரூமில் குளித்துத்தான் ஹாலுக்குள் போவார்கள். அதனால் நான் படியில் நின்று கத்துவேன்.

"பெரியம்மா, அந்தப் பெட்டிய அமத்திப் போடுங்க!"

"போட்டுட்டேன் போ!"

உடனே கோடு ஏறும். வந்துவிட்டது என்று நாங்கள் மூச்சு விடுவதற்குள் இறங்கிவிடும். பாண்டி நேரில் வந்தாலோ கேட்கவே வேண்டாம். அவர் குளித்துச் சட்டை மாற்றி மாடிக்குப் போய்ப் பார்க்கும்போது எல்லாக் கோடும் ஜம்மென்று நிற்கும்.

"நல்லாத்தான இருக்கு மேடம்?"

"நீ போனா போயிரும்ப்பா!"

"அதுக்கு நான் என்ன மேடம் பண்ண, இங்கனயே குடியிருக்கவா?"

வெளியே உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் சொன்னார்: "முன்னயெல்லாம் நாம நாக்க நீட்டுனா மருந்து எழுதுவாக. இப்பக் கம்ப்யூட்டரு நாக்க நீட்டணுமாக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

சுருளி வந்த சனிக்கிழமை

சனிக்கிழமை குச்சனூர்க் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அந்தக் கூட்டத்துக்குள் ஓடைப்பட்டியிலிருந்து சுருளியை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். திராட்சைத் தோட்டக்காரர். சிறுநீரகக் கல் வலி. மனிதர் கட்டிலில் படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் புழுவாகத் துடித்தார்.

செல்வி வலி ஊசியை எடுக்கப் போனாள். சுருளியின் சம்சாரம் குறுக்கே விழுந்தாள்.

"டாக்டரம்மா, போன தடவ இங்கன வலி ஊசி போட்டு மூஞ்சியெல்லாம் வீங்கி மூச்சு முட்டிருச்சு. நீகதான் காப்பாத்தி அனுப்புனீக. ஞாபகம் இல்லையா?"

"வீங்குனது ஞாபகம் இருக்கு. எந்த ஊசின்னுதான் பாக்கணும். பேரு தெரியுமா?"

"வெள்ளையா இருந்துச்சு."

"எல்லாமே தண்ணி மாதிரிதான்த்தா இருக்கும்!"

அலமாரியில் ரெண்டு ரகம் இருந்தது. ஒன்று அவருக்கு ஆகாதது. தப்பானதைப் போட்டால் இந்தத் தடவை மூச்சே நின்றுபோகலாம். எது என்று டாக்டரம்மா கம்ப்யூட்டரில் சிவப்பெழுத்தில் ஏற்றியிருந்தார்கள். பேரைத் தட்டினார்கள். வட்டம் சுற்றியது.

பாண்டிக்குப் போன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்." நான் படிக்கு ஓடிக் கத்தினேன். கோடு ஏறியது. சுருளி என்ற பேர் வந்தது. ஊர் வந்தது. வயசு வந்தது. அதற்கு மேல் வரவில்லை, வட்டம்.

"ஏதாச்சும் ஒண்ணப் போடுங்களேன், செத்துருவேன் போலருக்கே!" என்று சுருளி கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

"பாக்காமப் போட மாட்டேன்" என்றார்கள் டாக்டரம்மா. தேனிக்கு அனுப்பலாம் என்றால், அங்கேயும் இதையேதான் கேட்பார்கள். டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. மெயினிலேயே பார்த்துவிடலாம் என்று செருப்பை உதறிவிட்டு, கழுத்தில் ஸ்டெத்தோடு, ஓ.பி. சேலையோடு, மாடிப்படி ஏறினார்கள். "முத்தக்கா, வாங்க!" என்று என்னைக் கூப்பிட்டார்கள். நானும் பின்னால் ஓடினேன். அந்த ஹாலுக்குள் அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகக் கால் வைத்தேன்.

மெயின் கம்ப்யூட்டர் இருந்தது. ரூட்டரைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு எவர்சில்வர் குண்டான் கவிழ்ந்திருந்தது. அதன் விளிம்புக்கடியில் இருந்து எலி வால் மாதிரி வயர் வெளியே வந்தது.

"அத்தை, என்ன இது?"

"பல்லித்தா! சூட்டுக்கு வந்து அதுமேலயே படுத்துக்கெடக்கு. போகையில வரையில தலைல விழுந்து தொலைச்சா கலகமாம். அதான் கவுத்து வச்சேன். நீ ஏன் குளிக்காம ஏறி வந்த?"

டாக்டரம்மா குண்டானைத் தூக்கினார்கள். உள்ளேயிருந்தே ஒரு பல்லி சுவரில் ஏறி ஓடியது. அதே நேரம் கீழேயிருந்து செல்வியின் குரல்: "மேடம், வந்துருச்சு! செவப்பெழுத்துல இருக்கு!"

டாக்டரம்மா அப்படியே ஓடினார்கள். கையில் குண்டான் இருப்பது அவர்களுக்கே தெரியவில்லை. சுருளியின் சம்சாரம் பார்த்துவிட்டு, "கஞ்சியெல்லாம் அவருக்கு எறங்காதுங்க, ஊசியப் போடுங்க" என்றாள்.

சிவப்பில் இருந்தது, செல்வி முதலில் எடுக்கப் போன அதே ஊசி. டாக்டரம்மா மற்றதைப் போட்டார்கள். நான் சுருளி பக்கத்தில் உட்கார்ந்து உதடு வீங்குகிறதா, கண்ணிமை வீங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வீங்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. தூங்கிப்போனார்.

யார் கேட்டது

சாயங்காலம் பாண்டி வந்து குண்டானைப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "இரும்பு, எவர்சில்வர், பித்தளை இதெல்லாம் அலையைத் தடுத்துரும் மேடம். நெறஞ்ச தண்ணிக் குடம் குறுக்க இருந்தாலும் குறையும்." பிறகு பெரியம்மாவிடம், "நான் வந்தப்பல்லாம் இது இல்லையே?" என்றார்.

"விருந்தாளி வர்ற நேரம் ஹால்ல பாத்திரத்தக் கவுத்து வச்சிருந்தா, என்ன, போட்டது போட்டபடி கெடக்குற வீடுன்னு நெனைக்க மாட்டாகளா? அதான் எடுத்து வச்சேன். மருமக மேல வர்ற நேரம் சமையலுக்கு அந்தக் குண்டான் வேணும், அப்பவும் எடுத்துருவேன். அமத்திப் போடச் சொன்னா, எடுத்துட்டு அமத்திப் போடுவேன். மறுபடி மூடி வைப்பேன். மூடக் கூடாதுன்னு யாரு சொன்னீக? மேல என்ன இருக்குன்னு யாரு கேட்டீக?"

யாரும் கேட்கவில்லை. அதுதான் உண்மை. மலையைக் குறை சொன்னோம், மழையைக் குறை சொன்னோம், நெட் போன நேரத்தில் ஒருத்தரும் மாடி ஏறவில்லை.

அதனால் பிள்ளைகளே, நெட் போனால் போனை எடுக்கும் முன்னால் பெட்டி இருக்கிற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். உயரத்தில், திறந்த இடத்தில் இருக்க வேண்டும். பீரோவுக்குப் பின்னால் தள்ளக் கூடாது. வீட்டு ஆட்களுக்கும் அது எதற்கு என்று சொல்லி வையுங்கள். ஆகாத மருந்தின் பேரை நோயாளி கையிலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு மறுநாளிலிருந்து டாக்டரம்மா அப்படித்தான் செய்தார்கள். மிஷினை மட்டும் நம்பி ஒரு உசிரை வைக்கக் கூடாது.

பெரியம்மா கடைசிவரை பல்லி விஷயத்தில் இறங்கி வரவில்லை. பஞ்சாயத்து பண்ணி, குண்டானுக்குப் பதிலாக மூங்கில் கூடை வாங்கிக் கொடுத்தோம். நெட்டும் வந்தது, பல்லியும் ஏறவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது கூடையையும் கழுவி ஈரத்தோடு கவிழ்த்துவிடுவார்கள். அன்றைக்கு ஒரு கோடு குறைந்த மாதிரியே எனக்குத் தோன்றும். அது ஈரத்தாலா, என் பயத்தாலா தெரியவில்லை. அலையைப் பற்றிப் படித்தவர்கள் யாராவது, நான் எழுதியது சரிதானா என்று ஒரு தடவை பார்த்துத் திருத்திவிடுங்கள்.