வினோத்தின் வீடியோவுக்குக் கீழே வந்த கேள்விகள்

1. கைதட்டல்

இளைஞர்கள் போதைப் பழக்கத்தில் விழாமல் தடுக்கும் பிரசாரங்களைத் தயாரிக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில், பெங்களூரில், பல வருடங்கள் வேலை பார்த்தேன். போஸ்டர், குறும்படம், கல்லூரி நிகழ்ச்சி எல்லாம் செய்வோம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது வினோத்துக்கு நடந்ததைத்தான்.

வினோத் ஈஜிபுராவில் ஏசி மெக்கானிக். பழக்கத்திலிருந்து மீண்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. "நான் பட்டது வேற யாரும் படக்கூடாது மேடம்" என்று அவனாகவே எங்களைத் தேடி வந்தான். ஒரு கல்லூரியில் அவனை மேடை ஏற்றினோம்.

நன்றாகப் பேசினான். போலீஸைப் பார்த்து காம்பவுண்ட் சுவர் ஏறிக் குதித்ததைச் சொன்னபோது விசில் பறந்தது. அம்மாவின் தாலிச் சங்கிலியைத் திருடியதைச் சொன்னபோதும் மறுபடி விசில். முடிந்ததும் செல்ஃபி எடுக்க வரிசை நின்றது. ஒரு மாணவன் அவன் தோளில் கை போட்டான்.

"அண்ணா, இவ்ளோ பண்ணிட்டு இப்போ செம ஃபிட்டா இருக்கீங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். வினோத் சிரிக்கவில்லை.

2. கமெண்ட்

எங்கள் மேலாளர் சேகர் சார் அன்றே வீடியோவை இணையத்தில் ஏற்றினார். "பாத்தியா ஸ்டெல்லா, ரெஸ்பான்ஸ் சூப்பர்! எல்லா காலேஜ்லயும் இவனையே போட்டுரலாம்."

மறுநாள் காலை கமெண்டுகளைப் படித்தேன்.

"அண்ணன் வேற லெவல்."

"எந்த ஏரியா ப்ரோ? எங்க கெடைக்கும்?"

அதற்குக் கீழே ஒருவன் பதில் போட்டிருந்தான்: "வேணும்னா இன்பாக்ஸ் வாங்க."

எங்கள் வீடியோவுக்குக் கீழே, எங்கள் பெயருக்குக் கீழே, வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. சேகர் சாரிடம் போனை நீட்டினேன். படித்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எடுத்துடு, மொதல்ல அத எடுத்துடு" என்றார்.

வீடியோவை நீக்கிவிட்டு வினோத்தைக் கூப்பிட்டேன்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் மேடம்" என்றான். "அந்தக் கதைய சொன்னதுலருந்து அதே நெனப்பா இருக்கு. பசங்க விசில் அடிக்கிறப்போ எனக்கே ஒரு மாதிரி ஆசையா இருந்துச்சு. பயமா இருக்கு மேடம். தனியா இருக்க முடியல."

மற்ற பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் இவனைக் கூட்டிப் போனோம். உடனே ஆட்டோ பிடித்து, ஈஜிபுராவிலிருந்து அவனை அவனுடைய கவுன்சலரிடம் அழைத்துப் போனேன். அந்தக் கவுன்சலர் அம்மா என்னைத் திட்டவில்லை. "அவன் முழுசா குணமாயிட்டான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

வினோத் தாக்குப் பிடித்தான். மேடைப் பக்கம் அவன் மறுபடி வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

3. ஒத்திகை

ஒப்புக்கொண்டிருந்த நிகழ்ச்சிகளையெல்லாம் சேகர் சார் ரத்து செய்தார். இனி மேடையும் கதையும் கிடையாது. சிறு குழுக்களாக உட்கார்ந்து, தோழியோ நண்பனோ போதைப் பொருளை நீட்டும்போது என்ன பதில் சொல்வது என்று பேசிப் பழகுவது. அதுதான் புதிய திட்டம்.

ஜீவனஹள்ளியில் ஒரு டியூஷன் சென்டரில் தொடங்கினோம். திவ்யா என்ற பெண்ணின் முறை வந்தது. பெயரை மாற்றியிருக்கிறேன். தோழியாக நடித்தவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஒரே ஒரு தடவதான்டி. சீன் போடாத."

திவ்யா வாயைத் திறந்தாள். கண் நிரம்பிவிட்டது. மெதுவாக வெளியே கூட்டிப் போனேன்.

"போன மாசம் என் ஃப்ரெண்ட் ஒருத்தி இதே மாதிரிதான் கேட்டா மேடம். வேணாம்னா என்னை சேத்துக்க மாட்டாங்களோன்னு வாங்கிட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறமும்தான்."

வராந்தா சுவரில் எங்கள் போஸ்டர் ஒட்டியிருந்தது. 'வேண்டாம் என்று சொல்' என்று கொட்டை எழுத்தில். திவ்யா அதைக் காட்டினாள்.

"தெனமும் பாக்கறேன் மேடம். எப்படி சொல்றதுன்னு அதுல போடலையே."

அம்மாவிடம் பேசலாமா என்று அவளைக் கேட்டேன்.

அந்த வாரமே அவள் அம்மாவோடு கவுன்சலரிடம் வந்தாள். நாளாயிற்று, ஆனால் மீண்டுவிட்டாள். இப்போது வேலைக்குப் போகிறாள்.

புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஒரு வாசகம் எழுதினால் அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு பிள்ளையிடம் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "இதப் படிச்சிட்டு நீ என்ன பண்ணுவ?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டால் தூக்கிவாரிப் போடும். பிள்ளைகளுக்கு ஏதும் ஆவதற்கு முன், அந்த அதிர்ச்சி முதலில் நமக்கு வரட்டும்.