மூன்று செங்கற்களும் புதுக் காரும்

பழைய காரைப் பற்றி உருகிப் பேசுகிறவன் எவனும் அதைக் கிளப்ப முன்னால் இருக்கும் கைப்பிடியைச் சுற்றியிருக்க மாட்டான். மலாயாவில் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைக்கு டிரைவராக நான் ஆறு வருஷம் அதைச் சுற்றினேன். ஒரு மழைநாளில் அது திருப்பி அடித்து என் மணிக்கட்டு விலகியது. அந்தக் கை இன்றும் நேராக இல்லை. பெட்ரோல் குறைந்தால் மேட்டில் அது எஞ்சினுக்கு இறங்காது, கார் ஏறாது. பின்பக்கமாகத்தான் ஏற்ற வேண்டும். துரை தம் பங்களாவுக்கே முதுகைக் காட்டிக்கொண்டு போவார்.

பிறகு புதுக் கார் வந்தது. பொத்தானை அழுத்தினால் கிளம்பும். எல்லா விதத்திலும் உயர்ந்த வண்டி. ஆனால் பழையதில் வலது ஓர மிதிதான் பிரேக். புதியதில் அந்த இடத்தை மிதித்தால் வேகம் கூடும், பிரேக் நடுவில். தலைக்கு இது புரிந்தது, காலுக்குப் புரியவில்லை.

முதல் நாளே கிள்ளான் ஸ்டேஷன் முன்னால் நிறுத்துவதற்காக வலது ஓரத்தை மிதித்தேன். கார் பாய்ந்து வேலியில் இடித்தது. துரையின் தொப்பி என் மடியில் விழுந்தது.

"ஒரு வாரம் பாப்பேன். மறுபடி இடிச்சா வேற ஆளு," என்றார்.

அந்த வேறு ஆள், தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியின் மச்சான். புதுக் கார் ஓட்டிப் பழகியவன். அவனுக்கு என் வேலையைக் கொடுக்க நான் பிறக்கவில்லை.

வெந்நீர் அடுப்பிலிருந்து மூன்று செங்கற்களை எடுத்து, நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் முக்காலிக்கு முன்னால், காரின் மிதிகளைப் போல வரிசையாக வைத்தேன். தினமும் அதில் உட்கார்ந்து மிதித்தேன்.

"என்னண்ணே, கார் எங்க போவுது?" என்றான் பக்கத்து வீட்டுக்காரன்.

"கோலாலம்பூர். ஏறுறியா?"

"பிரேக் இருக்கா?"

"நடுவுல இருக்கு. உன் வாய்க்குத்தான் இல்ல."

என் மனைவி சமைத்தபடியே நினைத்த நேரத்தில் "மாடு" என்று கத்துவாள். நான் நடுச் செங்கல்லை மிதிக்க வேண்டும். முதல் இரண்டு நாள் எல்லா மாட்டையும் கொன்றேன்.

ஆறாம் நாள், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சந்திலிருந்து மாட்டுவண்டி குறுக்கே வந்தது. கால் தானாக நடுவில் இறங்கியது. கார் நின்றது. பின்னால் துரை செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை.

மறுநாளோடு வாரம் முடிந்தது. சாவி என்னிடமே இருந்தது.

"மாடு வந்துச்சா?" என்று கேட்டாள் மனைவி.

"வந்துச்சு."

"அப்ப செங்கல்ல எடுத்துக்கிறேன். ஒரு வாரமா பச்சத் தண்ணியில குளிக்கிறோம்."