கறுப்புப் பையில் கட்டிய தெரு

எதையும் பையில் போட்டுக் கட்டிவைத்தால்தான் பேனாட்டுக்கு நித்திரை வரும். கடவுச்சீட்டு ஒரு ஷொப்பிங் பையில், கலியாண அல்பம் இன்னொன்றில். தொலைக்காட்சி ரிமோட்டைக்கூட மனிதர் விட்டுவைக்கவில்லை. மொன்றியல் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் அடுக்குமாடியைப் பத்தொன்பது வருடங்களாகப் பராமரிக்கிறார். வயது அறுபத்திரண்டு. முழங்கால்கள் இரண்டும் அவருக்கு முன்னரே ஓய்வு பெற்றுவிட்டன.

வாடகை ஒப்பந்தங்கள் முடியும் ஜூலை முதலாம் திகதி மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும். இந்த வருடம் மூன்றாம் மாடி ஸெல்னிக்கும் முதியோர் இல்லத்துக்குப் போனார். எண்பத்தொன்பது வயது யூதர். சென் லோரன் தெருவை ஒட்டி அவர் பிறந்து வளர்ந்த யூதக் குடியிருப்பு எப்போதோ இடிபட்டுவிட்டது. கண் தெரிந்த காலம் முழுக்க அவர் அதையே வரைந்தார்: மீன்கடை, தையல் பட்டறை, ஜெபக்கூடத்தின் படி, வெளிப்படிக்கட்டில் காயும் போர்வை. எல்லாமாக முப்பத்தாறு ஓவியங்கள். பார்வை போன பிறகு அவற்றுக்கு ஆணி அடித்ததும் தூசி தட்டியதும் பேனாட்தான்.

இல்லத்து அறையில் ஒரு படத்துக்குத்தான் இடம் இருந்தது. ஸெல்னிக் அந்த ஒன்றையும் எடுக்கவில்லை. "ஒன்றைத் தெரிந்தெடுத்தால் மற்றப் படங்களில் உள்ள வீட்டுக்காரர் கோபிப்பார்கள்," என்றார். மறுநாள் ரொறொன்ரோவிலிருந்து வரும் தன் தங்கையின் மகளிடம் அத்தனையையும் ஏற்றிவிடும் பொறுப்பைப் பேனாட்டிடம் விட்டார்.

மறுநாள் காலை வானம் இருட்டிக்கொண்டு நின்றது. பேனாட் தன் புத்தியைக் காட்டினார். தடித்த கறுப்புப் பை வாங்கி, படங்களை ஒவ்வொன்றாகப் போட்டு, இரட்டை முடிச்சுப் போட்டு, வாகனம் வந்ததும் ஏற்றச் சுகமாயிருக்கும் என்று கட்டடத்துக்குப் பின்னால் ஒடுங்கிய ஒழுங்கையில் சாத்தி வைத்தார். பக்கத்தில் வீடு மாறியவர்கள் எறிந்த மெத்தைகளும் குப்பைப் பைகளும் கிடந்தன. நாலாம் மாடியில் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். போய்த் திருத்திவிட்டு வந்து பார்த்தால், சுவர் மட்டும் இருந்தது.

குப்பை லொறி மூலை திரும்பிக்கொண்டிருந்தது. ஓடினார், முழங்கால் விடவில்லை. ஏற்றியதையெல்லாம் லொறி அப்போதே நசுக்கிவிடும் என்று நகரசபைத் தொலைபேசியில் ஒரு பெண் பிரெஞ்சில் பொறுமையாக விளக்கினாள். தங்கையின் மகள் வந்தாள், ஒழுங்கையில் நின்று அழுதாள். "நீங்களே அவரிடம் சொல்லுங்கள், என்னால் முடியாது," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

வீட்டில் மனைவி கத்தரின் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு சொன்னாள்:

"கண் தெரியாத மனிசன். அவளிட்டப் பத்திரமா இருக்கெண்டு சொல்லிவிடுங்கோவன். ஆருக்குத் தெரியப்போகுது?"

"ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடியப் போய்ப் பாக்கிறனெண்டு சொல்லிப்போட்டன். அவர் கேப்பார். எத்தினை ஞாயிறுக்குச் சொல்லுறது கத்தரின்? எனக்குக் களைச்சுப்போச்சு."

சோறு அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனார். நின்றபடியே, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பை வாங்கியதிலிருந்து லொறி திரும்பியது வரை சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. ஸெல்னிக் வெறும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினார். நடைபாதையில் யாரோ சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"தெருவையும் லொறியில்தான் ஏற்றிப் போனார்கள்," என்றார் கடைசியில். "அன்றைக்கும் நான் அங்கே இல்லை."

பிறகு பேனாட்டின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நன்றாகக் கட்டினாயா?"

"இரண்டு முடிச்சு. ஒரு சொட்டு மழை உள்ளே போகாது."

சொன்னதும் பேனாட்டுக்கு அழுகை வந்துவிட்டது. ஸெல்னிக் பக்கத்து நாற்காலியைக் கையால் தடவித் தேடி, அவர் பக்கம் இழுத்துவிட்டார்.

"இரு பேனாட். உன் முழங்கால் நோகும்."