வலிக்கிற ஞாயிறு

லாண்டரியில் எல்லோருக்கும் அவள் இஸ்திரி அக்கா. ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைச் சுருக்கமில்லாமல் தேய்த்து அடுக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கைமேல் யார் கண் பட்டதோ, நாற்பதைத் தாண்டியதும் விரல் மூட்டுகள் வீங்கின. காலையில் விரல் மடங்காது. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறப்பாள். இது முடக்குவாதம் என்று சொன்ன டாக்டர், வலி மாத்திரையை விடாமல் போடச் சொன்னார்.

போட்டாள். வலி அடங்கியது. அதுவே வினையாகப் போயிற்று.

ஆரம்பத்தில் பாத்திரம் கழுவிய கணவர் மெல்ல நழுவினார். துணி துவைத்த மகளுக்குப் பரீட்சை வந்தது. பக்கத்துத் தெரு நாத்தனார், "அண்ணி, மாத்திரை போட்டாச்சுல்ல? ஒரு எட்டு வந்து இந்தத் திரைச்சீலையெல்லாம் தேய்ச்சுக் குடுங்களேன்" என்று கூசாமல் கேட்டாள். லாண்டரியில் அவள் முகம் சுளித்தால் போதும், "என்னக்கா, இன்னைக்குப் போடலையா?" என்பார் சூப்பர்வைசர். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. "வலிக்குதுங்க" என்றால் கணவர் மாத்திரையும் தண்ணீருமாக ஓடி வருவார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்திரை தீர்ந்திருந்தது, மருந்துக்கடையும் மூடியிருந்தது. டம்ளரைக்கூட அவளால் தூக்க முடியவில்லை. கணவர் சமைத்தார், கருகவும் விட்டார். மகள் தலை வாரிவிட்டாள். நாத்தனார் கட்டிலில் வந்து உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசி வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தாள். வலி உயிரைப் பிடுங்கியது. ஆனாலும் கல்யாணமான நாள் முதல் இப்படியொரு பகல் அவளுக்கு வாய்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி, வாஷ்பேசினில் துப்பினாள். பிறகு அதுவே வழக்கமாயிற்று. நடுவாரத்திலும் சில நாள் துப்பினாள்.

வீக்கம் ஏறியதைப் பார்த்து டாக்டர் கேட்டார். "ஒழுங்கா போடுறீங்களா?"

"என் கையாலதான் டாக்டர் குடுக்குறேன்" என்றார் கணவர் பெருமையாக. அவளும் தலையாட்டினாள். டாக்டர் அளவைக் கூட்டினார். அதைப் போட்ட நாட்களில் வயிறு எரிந்தது, தலை சுற்றியது. போடாத நாட்களில் கை எரிந்தது. பொய்யை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் மாதங்கள் போயின.

ஒருநாள் கணவர் வண்டியை நிறுத்தப் போயிருந்த நேரம், டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "வலிச்சாத்தான் டாக்டர் என்னை உட்கார விடுறாங்க."

டாக்டர் திட்டவில்லை. அளவைப் பழையபடி குறைத்து எழுதினார். கணவர் வந்ததும், அவளைக் காட்டிக்கொடுக்காமல் பக்குவமாகச் சொன்னார். "மாத்திரை மட்டும் போதாது. வலி இல்லாத நாள்லயும் கைக்கு ஓய்வு வேணும். வீட்டு வேலையை எல்லாரும் பகிர்ந்துக்கணும்."

"நாங்க மாட்டோம்னா சொல்றோம்?" கணவர் பதறிப்போனார். "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும் டாக்டர், அசையவே விடமாட்டோம்!"

மனதாரத்தான் சொன்னார். டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் மேசை விளிம்பைப் பார்த்தாள்.

மறுநாள் காலை கணவர் மாத்திரையோடு வந்து நின்றார். "போட்டுக்கோம்மா. வலிச்சா சொல்லு, நான் பாத்துக்கிறேன்."

விழுங்கினாள். போர்வைக்குள் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக இளகத் தொடங்கின.

"எந்திரிக்க முடியுதா?" சமையலறையிலிருந்து கணவர் குரல் வந்தது.

"முடியுது" என்றாள்.