நிறுத்தி வைத்த சத்தம்

நான் மயக்க மருந்து டாக்டர். முப்பது வருஷம் எண்களைப் பார்த்தே பிழைத்தவன், பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். இதைக் கேட்டு நீங்களும் எழுந்து போகலாம், ஆனால் நடந்தது இதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம், எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை. விரலில் மாட்டினால் இரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் மானிட்டர் எங்களுக்கு அப்போதுதான் வந்திருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் 'பீப்' என்னும், ஆக்ஸிஜன் குறையக் குறைய அந்தச் சத்தம் கனத்து இறங்கும். சர்ஜன் மின்கத்தியை வைத்தாலே காரணமில்லாமல் அலறும் என்பதால் நாங்கள் பலரும் சத்தத்தை நிறுத்திவிடுவோம்.

அன்று மேசையில் ஜெலுத்தோங்கிலிருந்து வந்த லெட்சுமி, முப்பது வயது, பித்தப்பையில் கல். "டாக்டர், அத மூடுங்க லா, தல வலிக்குது," என்றார் சர்ஜன். நிறுத்தினேன். ஆயர் ஈத்தாமில் நான் வாங்கப்போகும் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். துணிக்கு அடியில் செயற்கை சுவாசக் குழாய் கழன்றதை நான் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ், மிஸ்ஸி சாந்திதான், "டாக்டர், நகம் நீலமா இருக்கு!" என்று கத்தினாள். திரையில் ஆக்ஸிஜன் முப்பத்தெட்டு.

மூன்றாம் நாள் லெட்சுமி இறந்துபோனாள். இதயம் பலவீனம் என்று அவள் கணவரிடம் சொன்னேன். "உங்களால ஆனத செஞ்சீங்க டாக்டர்," என்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று சாந்தியை மிரட்டியதும் நான்தான்.

மறுவாரம் காலை எட்டு மணி, நோயாளி இன்னும் வரவில்லை. வழக்கம்போல் மானிட்டரை என் வலது ஆள்காட்டி விரலில் மாட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. பிறகு தொண்ணூறு, எழுபது, ஐம்பது. நன்றாகத்தான் மூச்சு விடுகிறேன், விரல் சிவப்பாகத்தான் இருக்கிறது, சத்தம் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. விரலை உருவினேன், நிற்கவில்லை. பொத்தானை அழுத்தினேன், நம்புவீர்களோ இல்லையோ, அப்போதும் நிற்கவில்லை.

"உள்ள யாரு விரல் இருக்கு டாக்டர்?" என்றாள் சாந்தி. அவள் பயப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முப்பத்தெட்டு வந்ததும் தானாக அணைந்தது.

கம்பெனி ஆள் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்றார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஜெலுத்தோங் வரை போனேன். தன் மோட்டார் பட்டறை வாசலில் லெட்சுமியின் கணவர் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார், சீப்பை எப்படிப் பிடிப்பதென்றே அவருக்குத் தெரியவில்லை. காரைத் திருப்பிவிட்டேன்.

போன வருஷம் எனக்கே ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்க வந்த இளம் டாக்டர் அதே விரலில் மாட்டினாள், ஒன்றும் வரவில்லை. மூன்று கருவி மாற்றினாள். மற்ற ஒன்பது விரலிலும் துடிப்பு வருகிறது. "இதுல மட்டும் ஆளே இல்ல போல, டாக்டர்," என்று சிரித்தாள்.

தொட்டுப் பாருங்கள், சூடாகத்தான் இருக்கிறது.